முகத்துவாரம் வெட்டுகிற முடிவில் மீனுக்கும் ஒரு பங்கு வேண்டும் – வாவித் தொழிலாளர், விவசாயிகள், ஆய்வாளர்கள் எல்லோரும் எழுதுங்கள்

வாவிக்கரையான் (மட்டக்களப்பு)

மாரி மழை இறங்கினால், மட்டக்களப்பு வாவி கடலோடு சேர்கிற வாயான முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்து கோரிக்கை வரும். வட்டைகள் (வயல்வெளிகள்) முழுகிக் கிடக்கும்போது அது நியாயமான கோரிக்கைதான். இயந்திரம் வரும், மணல்திட்டு வெட்டுப்படும், தண்ணீர் கடலுக்குப் பாயும். ஆனால் அந்த முடிவு எடுக்கிற இடத்தில் வாவியில் தோணி விடுகிறவனின் குரல் இல்லை.

மீனைப் பற்றிய கூட்டங்கள் வேறாக நடக்கும். அங்கே போனால் பேச்சு முழுவதும் வலை, வலைக்கண்ணின் அளவு, மீன்குஞ்சு விடுவது என்றே போகும். வாவியின் தண்ணீரைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

நம்முடைய வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம், 140 சதுர கிலோமீற்றர் அளவு பரப்பு. இவ்வளவு பெரிய நீர்நிலைக்குக் கடலோடு உள்ள தொடர்பு இரண்டே இடத்தில்தான்: பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரம், தெற்கே கல்லாறு. இரண்டும் வருடம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். சில கிழமை வயதில், ஈர்க்குத் துண்டு போல இருக்கும்போது வாவிக்குள் ஏறும். இரண்டு மூன்று மாதம் இங்கே வளர்ந்து, முட்டையிடத் திரும்பக் கடலுக்குப் போகும். வாய் மூடியிருந்தால் அந்த வருடத்துக் குஞ்சு உள்ளே வராது. திறந்தும் நேரம் பிழைத்துப்போனால் வளராத இறால் வெள்ளத்தோடு வெளியே அடிபட்டுப் போகும். இது நாங்கள் கண்ணால் காண்கிற விஷயம்.

நான் கேட்பது இதுதான். வாழிடத்துக்கும் மீன்வளத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகத்தில் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள்? அதில் எது எங்கள் வாவிக்குப் பொருந்தும்? படித்தவர்கள் எழுதுங்கள், தொழில் செய்கிறவர்களும் எழுதுங்கள்.

படுவான்கரை வெள்ளாமைக்காரன்

அண்ணன், உங்கள் ஆதங்கம் விளங்குகிறது. ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

பெரும்போகம் ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கிறோம். மார்கழி, தையில்தான் வெள்ளம். அப்போது பயிர் குடலைப் பருவத்துக்கு வந்துகொண்டிருக்கும். தாள் முழுக்கத் தண்ணீருக்குள் ஒரு கிழமை கிடந்தால் அழுகிப் போகும், பிறகு வடிந்தும் பிரயோசனம் இல்லை. கடனுக்கு உரம் எறிந்தவன் அந்தக் கிழமையில் வாவி இறாலை நினைத்துக்கொண்டு இருக்க முடியாது. வாய் வெட்டுவதை இரண்டு நாள் தள்ளிப்போட்டால் எத்தனை குடும்பத்தின் வருடச் சாப்பாடு போகிறது என்று பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. மழைத்தண்ணீர் மட்டும் என்றால் தாங்கலாம். மேலே குளங்களின் வான்கதவு திறந்தால்தான் எங்கள் பாடு மோசம். அம்பாறைப் பெருங்குளமான சேனாநாயக்க சமுத்திரத்தின் கதவு திறந்தால் கிட்டங்கித் தாம்போதி (தாழ்பாலம்) முழுகும், நாவிதன்வெளிப் பக்கம் போக்குவரத்து நிற்கும். அந்தத் தண்ணீரெல்லாம் கடைசியில் வந்து சேருவது வாவிக்குத்தான். ஆகவே வாயை மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போடக்கூடாது. மேலே குளத்துத் தண்ணீரும் இதில் சேர வேண்டும்.

கண்டல் வேர் (வந்தாறுமூலை, விலங்கியல் மாணவி)

வாவிக்கரையான் அண்ணன் கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த அளவு எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்து வாசியுங்கள்.

வாழிடத்துக்கும் மீன்பிடிக்கும் உள்ள தொடர்பில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு 1977இல் வந்தது. யூஜின் டேர்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல கரையோரங்களின் இறால் பிடியையும், அங்கே கடல்நீர் ஏறி இறங்குகிற வற்றுப்பெருக்கு எல்லைக்குள் இருக்கும் புல்வெளி, கண்டல் (உவர்நீரில் வளரும் மரம்) காடுகளின் பரப்பையும் ஒப்பிட்டார். காடு கூடிய இடத்தில் பிடியும் கூட இருந்தது. அதே வருடம் இந்தோனேசியாவில் இருந்தும் கண்டலையும் இறாலையும் சேர்த்து அப்படியொரு முடிவு வந்தது. அப்போது தொடங்கி 'கண்டலை நட்டால் இறால் பெருகும்' என்ற பேச்சு எல்லா நாட்டிலும் பரவியது.

ஆனால் இதை மறுபரிசீலனை செய்தவர்களும் உண்டு. பெரிய கழிமுகம் என்றால் அங்கே கண்டலும் அதிகம், இறாலும் அதிகம். இரண்டும் ஒன்றாகக் கூடுவதால் ஒன்றுதான் மற்றதுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2004இல் ஷிங் யிப் லீ என்பவர் பல வெப்பமண்டல நாடுகளின் தரவை எடுத்துப் பார்த்தபோது, கண்டலின் பரப்பை விடக் கடல் வற்றுப்பெருக்கின் அளவும் அதனால் முழுகுகிற தரையின் பரப்பும் இறால் பிடியோடு நெருக்கமாகப் போனது. மரம் நிற்பது மட்டும் போதாது, அந்த மரத்தின் அடிக்குக் குஞ்சு போய்ச் சேரத் தண்ணீர் ஏற வேண்டும்.

நம்முடைய வாவிக்கு இந்த இடத்தில்தான் வேறு கணக்கு. கிழக்குக் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அவுஸ்திரேலியாவின் வடக்கில் தினமும் கடல் ஏறிக் கண்டல் காட்டை நிரப்பிவிட்டுப் போகிற மாதிரி இங்கே நடக்காது. இங்கே கண்ணா என்கிற கண்டல் மரத்தின் அடியும், கரையோரப் புல்லும், சாய்ப்பன் என்கிற கோரையும் முழுகுவது மாரித் தண்ணீரால்தான். அந்த விளிம்பு முழுகி நிற்கிற கிழமைகள்தான் மீன்குஞ்சுக்கு ஒளிக்க இடமும் தீனியும் கிடைக்கிற காலம். முகத்துவாரத்தை ஒரேயடியாக அகலமாக வெட்டி மட்டம் சடாரென்று இறங்கினால் வயலோடு சேர்த்து அந்த விளிம்பும் வற்றிவிடும். குஞ்சுகள் நடு வாவிக்கு வந்துவிடும். அங்கே பெரிய மீனும் வலையும் காத்திருக்கின்றன.

அதற்காக வெட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வாய் திறக்காவிட்டால் கடல் குஞ்சு உள்ளே வராது என்பதும் அதே அளவு உண்மை. எவ்வளவு வேகத்தில், எந்த மட்டம் வரை என்பதுதான் கேள்வி.

இன்னொரு ஆய்வும் சொல்ல வேண்டும். 2004இல் பீற்றர் மும்பியும் கூட்டாளிகளும் கரீபியன் கடலில் செய்தது. கண்டலுக்குப் பக்கத்தில் இருந்த பவளப்பாறைகளில் சில முக்கியமான மீன்களின் மொத்த எடை, கண்டல் இல்லாத பாறைகளை விட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. கண்டலைச் சார்ந்து வளரும் ஒரு பெரிய கிளிமீன், கண்டல் அழிந்த ஓரிடத்தில் முற்றாக இல்லாமல் போயிருந்தது. மாவட்டத்தின் வடக்கே காயான்கேணிப் பவளப்பாறைப் பகுதி 2019இல் கடல் சரணாலயம் ஆனது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாறையை மட்டும் காத்தால் போதுமா, பக்கத்திலே பனிச்சங்கேணி வாவியின் கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்க இந்த ஆய்வு ஒரு நல்ல காரணம்.

சுட்டவலை

தங்கச்சி எழுதியது நல்லது. ஆனால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மீன் குறைந்ததற்கு முதற் காரணம் தங்கூசி வலை, அதாவது ஒற்றை நைலோன் இழையில் பின்னிய வலை. தடை என்று சட்டம் இருக்கிறது, வாவிக்குள் போய்ப் பாருங்கள், எத்தனை தோணியில் தங்கூசி இல்லாமல் இருக்கிறது? விலை மலிவு, மீனுக்குத் தெரியாது, கிழிந்தால் அப்படியே விட்டுவிட்டு வருவார்கள். விட்ட வலை உக்காது. அது கிடந்து மீனையும் நண்டையும் கொன்றுகொண்டே இருக்கும்.

வாழிடம், உப்பு, காடு எல்லாம் பேசலாம். ஆனால் அப்படிப் பேசும்போது குற்றம் எல்லாம் தண்ணீரிலும் மணலிலும் போய் விழுகிறது, எங்கள் கை சுத்தமாகிவிடுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. சின்னக் கண் வலையை நிறுத்து, முதலில் அது. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

கண்டல் வேர் (வந்தாறுமூலை, விலங்கியல் மாணவி)

சுட்டவலை அண்ணன், வலை காரணமில்லை என்று நான் எழுதவில்லை. வலையையும் வாழிடத்தையும் பிரிக்க முடியாது என்பதற்குக் கொடுவா மீனை எடுத்துக்கொள்வோம்.

கொடுவா முதலில் ஆணாக முதிரும், பிறகு பெண்ணாக மாறும். அவுஸ்திரேலிய ஆறுகளில் பார்த்ததில் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் தாண்டுகிற அளவில்தான் பெரும்பாலும் அந்த மாற்றம். முட்டையிடுவது வாய்க்குப் பக்கத்தில், உப்புக் கூடிய தண்ணீரில். குஞ்சு மேலே ஏறிச் சதுப்புக்கும் நன்னீருக்கும் போய் வளரும். இப்போது சந்தையில் எந்தக் கொடுவாவுக்கு விலை அதிகம்? பெரியதுக்கு. பெரியது என்றால் பெண். வாய்க்குப் பக்கத்தில் பெரிய கொடுவாவை மறித்துப் பிடித்தால் முட்டையிடுகிறவை தீர்ந்துபோகும். மேலே சதுப்பை மூடினால் குஞ்சு தீர்ந்துபோகும். இதில் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டால் பலன் இல்லை. குவீன்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் கொடுவாவுக்கு 58 சென்ரிமீற்றருக்குக் கீழும் கூடாது, 120க்கு மேலும் கூடாது என்று இரண்டு பக்கமும் எல்லை வைத்திருக்கிறார்கள். மேல் எல்லை வைத்தது பெரிய பெண் மீன்களுக்காக. எங்களிடம் கண் அளவு என்றால் சின்ன மீனைக் காப்பது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

செத்தல் மீனும் அப்படித்தான். தாயும் தகப்பனும் சேர்ந்து முட்டையைக் காக்கிற மீன். தடி, கல், வேர் என்று நீருக்கடியில் எதிலாவது ஒட்டித்தான் முட்டையிடும். அடியை உரசிக்கொண்டு போகிற இழுவலை அந்த முட்டையையும் கொண்டுபோகும், தடியையும் கொண்டுபோகும். அந்த வலை செய்கிற சேதத்தில் பாதி வாழிடத்துக்குத்தான்.

ஒலுவில் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கடல்பக்கத்துக்காரன், ஆனால் வாய் ஏன் மூடுகிறது என்பதைப் பற்றி எங்கள் ஊருக்கு நல்ல அனுபவம் இருக்கிறது.

கிழக்குக் கரையோரமாக மணல் ஓடிக்கொண்டே இருக்கும். வாடைக்காற்றுக் (வடகிழக்கு) காலத்தில் ஒரு பக்கம், கச்சான் காற்றுக் (தென்மேற்கு) காலத்தில் மற்றப் பக்கம். இரண்டையும் கழித்துப் பார்த்தால் எங்கள் பகுதியில் மணல் வடக்கு நோக்கிப் போவதுதான் கூட. ஒலுவிலில் துறைமுகத்துக்கு அலைதடுப்பு போட்டார்கள். 2013இல் துறைமுகம் திறந்தார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் தடுப்பில் நின்றது, துறைமுக வாயையே அடைத்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் மணல் வராமல் கரை அரிந்து தென்னைகளும் காணிகளும் கடலுக்குப் போயின. கரைவலை இழுக்கக் கடற்கரை வேண்டும். கரையே இல்லாத இடத்தில் எங்கே வலை இழுப்பது?

மட்டக்களப்பு முகத்துவாரத்தை மூடுவதும் இதே மணல்தான். மாரியில் ஆற்றுத் தண்ணீரின் தள்ளு அதைக் கடலுக்குள் தள்ளிவைக்கிறது. கோடையில் தள்ளு குறைய, அலை மணலைத் திரும்பக் கொண்டுவந்து வாயில் போடுகிறது. மேலே அணை கட்டித் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் அந்தத் தள்ளும் பழைய மாதிரி இருக்காது. நிரந்தரமாகத் திறந்துவைக்கக் கல்லணை போடச் சொல்லி யாராவது கேட்டால் ஒலுவிலுக்கு ஒருதரம் வந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்பேன்.

கல்லாற்று மகள்

காக்கா சொன்னது சரி. எங்கள் கல்லாற்று வாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதையும் சேர்க்கிறேன்.

தெற்கு வாவிக்குப் பாலமீன்மடு வாய் வெகுதூரம். எங்கள் வாய் மூடியிருந்தால் தண்ணீர் கிட்டத்தட்ட நன்னீர் ஆகிவிடும். அப்போது ஆற்றுவாழை என்கிற மிதக்கும் களை பாய் விரித்த மாதிரிப் படரும், தோணி விட முடியாது. உப்பு ஏறினால் ஆற்றுவாழை சாகும், அது நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். செத்தது எங்கே போகும்? அடியில் தாழ்ந்து அழுகும். அழுகும்போது தண்ணீரில் உள்ள ஒட்சிசனை எடுத்துவிடும். மேகம் மூடிய நாட்களில், காற்றும் இல்லாவிட்டால், விடியற்காலையில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து நிற்கும். மணலை மீனும் செத்தல் மீனும் செத்து ஒதுங்கினால் ஆட்கள் முதலில் விஷம் கலந்தது என்கிறார்கள். வயல் மருந்தும் காரணமாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலை ஒட்சிசனை யாராவது அளந்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். செத்த மீனை மத்தியானம் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவதால் எதுவும் தெரியப்போவதில்லை.

ஆகவே ஆற்றுவாழையை உப்புத் தண்ணீரிடம் ஒப்படைக்காமல், வாய் வெட்ட முதல் அள்ளிக் கரையில் போட வேண்டும். சங்கங்களுக்கு நாட்கூலி கொடுத்தாலே இதைச் செய்யலாம்.

குளத்துத் தோணி (அம்பாறை)

நான் சேனாநாயக்க சமுத்திரத்தில் தொழில் செய்கிறவன். வாவிக்காரர்கள் பேசட்டும் என்று இருந்தேன். வெள்ளாமைக்கார அண்ணன் மேல்குளத்தைப் பற்றி எழுதியதால் எழுதுகிறேன்.

எங்கள் குளம் 1950களின் தொடக்கத்தில் கல்லோயாத் திட்டத்தில் வந்தது. இலங்கையில் இயற்கையான பெரிய ஏரிகள் இல்லை. நம்முடைய சொந்த நன்னீர் மீன்கள் ஓடுகிற ஆற்றுக்குப் பழகியவை. இவ்வளவு பெரிய தேங்கின தண்ணீரின் நடுவை நிரப்ப அவற்றால் முடியவில்லை. 1952இல் வெளியில் இருந்து கொண்டுவந்த திலாப்பியாதான் அந்த இடத்தைப் பிடித்தது. நாட்டின் குளத்து மீன்பிடியே அதன் மேல் நிற்கிறது.

திலாப்பியா ஆண் மீன் கரையோர ஆழமில்லாத் தண்ணீரில் குழி தோண்டும். குளத்து மட்டம் வேகமாக இறங்கினால் குழி காய்ந்துபோகும். மட்டம் ஏறினால் புல்லுத்தரை முழுகித் தீனி கூடும். பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரக் குளத்தில் பேராசிரியர் சேன டி சில்வா நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தையும் திலாப்பியாவின் பெருக்கத்தையும் சேர்த்துப் பார்த்து எண்பதுகளிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் குளத்துத் தண்ணீரை எப்போது திறப்பது என்று முடிவு செய்யும்போது வயலைப் பார்ப்பார்கள், அணையைப் பார்ப்பார்கள். மீனைப் பார்க்கிறதில்லை.

குஞ்சு விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நன்னீர் இறால் குஞ்சைக் குளத்தில் விடுகிறார்கள், வளர்ந்து நல்ல விலைக்குப் போகிறது, எங்களுக்கு அது உதவிதான். ஆனால் அந்த இறாலின் முட்டை பொரித்த குஞ்சுக்கு உவர்நீர் வேண்டும். அணைக்கு மேலே அது தானாகப் பெருகாது. ஒவ்வொரு வருடமும் விட்டால்தான் உண்டு. அணை வர முன் ஆறு கடல்வரைக்கும் திறந்திருந்த காலத்தில் அந்த இறால் தானாகவே ஏறி இறங்கியிருக்கும். குஞ்சு விடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. வழி அடைபட்டதற்கு ஈடாகத்தான் அதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். வாவிக்கு அந்த வழி இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

கண் அளவுக்கும் நான் ஆதரவு. குளங்களில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண் கூடாது என்று இருக்கிறது. எல்லோரும் கடைப்பிடித்த காலத்தில் மீனின் பருமன் கண்ணுக்குத் தெரிந்தது.

கல்குடாப் பெடியன்

ஒரு கேள்வி. பழைய பஸ்களைக் கடலில் இறக்கி மீன் வளர்க்கிறார்களே, திருகோணமலையில் 2020இல் செய்தார்களே, அதையே இங்கேயும் செய்தால் என்ன? 1942இல் மட்டக்களப்புக் கடலில் தாண்ட ஹேர்மிஸ் போர்க்கப்பலைச் சுற்றி எவ்வளவு மீன் நிற்கிறது என்று சுழியோடிகள் சொல்கிறார்கள்.

கண்டல் வேர் (வந்தாறுமூலை, விலங்கியல் மாணவி)

தம்பி, அந்த மீன் அங்கே உண்டானதா, சுற்று வட்டாரத்தில் இருந்து வந்து சேர்ந்ததா என்பதுதான் ஆய்வாளர்கள் பல வருடமாக வாதாடுகிற விஷயம். ஒளிப்பிடம் குறைவால் தொகை கட்டுப்பட்டிருக்கிற மீன் என்றால் புது இடம் தொகையைக் கூட்டலாம். குஞ்சு வருவதே குறைந்துபோன மீன் என்றால் இருக்கிற மீனை ஓரிடத்தில் சேர்த்து, பிடிப்பதை இலகுவாக்கிவிடும். வாவியில் குஞ்சு வளருமிடம் அழியும்போது கடலில் பஸ் இறக்குவதால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

களுவாஞ்சிக்குடி – டோகா

நான் கட்டுமானப் பொறியியல் படித்தவன், இப்போது வெளிநாட்டில். ஒடிசாவின் சிலிகா வாவி பற்றி எழுதுகிறேன், நம்முடைய பிரச்சினைக்கு அதை விடக் கிட்டிய உதாரணம் எனக்குத் தெரியாது.

சிலிகாவும் கடலோரக் களப்பு. ஆனால் எங்களுடையதை விடப் பல மடங்கு பெரியது. மண் படிந்து வாய் விலகி, கடலோடு தொடர்பு மெலிந்தது. உப்புக் குறைந்து நீர்க்களைகள் படர்ந்தன, பிடி விழுந்தது. சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் ஆபத்துப் பட்டியலில் 1993இல் சேர்த்தார்கள். 2000 செப்டெம்பரில் கணக்குப் பார்த்து, மாதிரி வைத்துச் சோதித்து, புதிய வாய் ஒன்றை வெட்டினார்கள். அதற்கு முன் வருடத்துக்கு 2,000 டன்னுக்கும் குறைவாக இருந்த பிடி, சில வருடத்துக்குள் 10,000 டன்னைத் தாண்டியது. 2002இல் அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

அங்கே யாரும் பெருந்தொகையாகக் குஞ்சு விடவில்லை. வழி திறந்தது, உப்பு திரும்பியது, மீனும் இறாலும் நண்டும் தாங்களாக வந்தன. வாழிடம் மீன்தொகையை எவ்வளவு ஆளுகிறது என்பதற்கு இதை விட வெளிப்படையான ஆதாரம் தேட வேண்டியதில்லை.

ஆனால் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. சிலிகாவில் வெட்டிய இடம் மீனுக்கும் உப்புக்குமாகத் தேர்ந்தெடுத்தது. நம்முடைய முகத்துவாரம் வெள்ளத்துக்காக, அவசரத்தில் வெட்டுவது. அங்கே வெட்ட முன்னும் பின்னும் உப்பு, ஆழம், பிடி எல்லாம் தொடர்ந்து அளந்தார்கள். அளந்ததால்தான் நான் இங்கே எண்களை எழுத முடிகிறது. மட்டக்களப்பு வாவியில் வாய் வெட்டிய ஒவ்வொரு வருடத்துக்கும் அதே மாதிரித் தொடர்ச்சியான குறிப்பு இருந்தால் இந்த இழையில் பாதி வாதம் தேவைப்படாது.

பாலமீன்மடு

எல்லோரும் எங்கள் வாயைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள். நானும் எழுதுகிறேன்.

வாய் திறந்த கையோடு இறால் வெளியே போகும். அந்த நாட்களில்தான் எங்களுக்கு வருமானம். மற்ற மாதங்களில் கடனில் ஓடுகிறது. அந்த இறால் கடலுக்குப் போனால் முட்டையிடும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், சரி. ஆனால் நாங்கள் விட்டால் வெளியே பெரிய வலைக்காரன் பிடிக்கிறான். வாய்க்குள் வலை கூடாது என்று நாளைக்கு ஒரு தடை வந்தால், பசியைப் பங்குபோடுவது யார்? எங்கள் கரையில் உள்ள சில குடும்பங்கள் மட்டும் என்றால் நான் அதை ஏற்கமாட்டேன்.

வாவிக்கரையான் (மட்டக்களப்பு)

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதற்கு நீர்கொழும்பில் ஒரு வழி இருக்கிறது. அங்கே களப்பு வாயில் தடி நட்டுக் கட்டுகிற கட்டுவலை போட்டு, கடலுக்குப் போகிற இறாலைப் பிடிக்கிறார்கள். தொழில் பழையது. உரிமை சங்கங்களிடம், எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பது குலுக்கலில். அவரவர் முறை வரும்போதுதான் தொழில். நல்ல இடத்தை ஒருவரே பிடித்துவைக்க முடியாது. இந்த ஒழுங்கைக் காப்பது அந்த ஊர்த் தொழிலாளரேதான்.

அதே களப்பில் கண்டல் கிளைகளைக் கட்டாக நட்டு, மீன் அதில் ஒதுங்கிய பிறகு வளைத்துப் பிடிக்கிற முறையும் உண்டு. கிளை வேண்டும் என்பதற்காகவே அங்கே மீனவர்கள் கண்டல் நட்டு வளர்த்தார்கள். மரத்தில் இருந்து பிழைப்பு வருகிறது என்றால் மரத்தை வெட்ட விடமாட்டார்கள்.

எங்கள் வாய்க்கும் முறை வைக்கலாம். இறால் போகிற நாட்களில் சில இரவுகள் வலை இல்லாமல் விடுவது, மற்ற இரவுகளைப் பங்கிடுவது. வெளிக்கடல் வலைக்காரரையும் அதே மேசையில் உட்காரவைக்காமல் பாலமீன்மடுவை மட்டும் கட்டுப்படுத்தினால் அது அநியாயம்.

சுட்டவலை

முறை வைக்கலாம் என்றால் நானும் வருகிறேன். ஆனால் தங்கூசியை விட்டுவிட்டு முறை வைப்பதில் பிரயோசனம் இல்லை. இரண்டும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்.

கண்டல் நடுவதைப் பற்றியும் ஒன்று. சுனாமிக்குப் பிறகு எத்தனை அமைப்புகள் வந்து கன்று நட்டுப் படம் எடுத்தன. நட்ட இடத்தில் இப்போது என்ன நிற்கிறது?

கண்டல் வேர் (வந்தாறுமூலை, விலங்கியல் மாணவி)

அதற்குக் கணக்கு இருக்கிறது அண்ணன். இலங்கை முழுக்க அப்படி நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்து எழுதிய ஆய்வு 2017இல் வந்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. இடம் பிழை, இனம் பிழை, நட்ட பிறகு பார்ப்பார் இல்லை, மாடு மேய்ந்தது. எப்போதும் தண்ணீர் நிற்கிற சேற்றிலே நட்டால் கன்று மூச்சுத் திணறிச் சாகும். தண்ணீர் வந்து போகிற மட்டம் சரியாக இருக்கிற கரையில் பக்கத்து மரத்தின் விதை தானாகவே முளைக்கும். அங்கே வேலி போட்டு மாட்டை மறித்தாலே போதும். ஆக இதுவும் கடைசியில் நீர்மட்டத்தில்தான் போய் முடிகிறது.

படுவான்கரை வெள்ளாமைக்காரன்

முழுவதையும் வாசித்தேன். நான் ஒன்று சொல்கிறேன், அண்ணன்மார் கோபிக்க வேண்டாம்.

எங்கள் வட்டைக்கு எந்த மட்டம் வரை தண்ணீர் நின்றால் பயிர் தாங்கும் என்று எங்கள் வட்டவிதானைமாருக்கு (வயல் நீரைப் பார்க்கிறவர்கள்) தெரியும். அந்த மட்டத்தை ஒரு கொங்கிறீற் தூணில் கோடு போட்டுக் காட்டலாம். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வர முன்பே சின்ன வெட்டாகத் தொடங்கினால், கோட்டைத் தாண்டிய பிறகு பெரிதாக உடைக்கத் தேவை வராது. மட்டமும் மெதுவாக இறங்கும், தங்கச்சி சொன்ன கரைவிளிம்பும் சில கிழமை முழுகி நிற்கும். ஆனால் மேல்குளத்துக் கதவு திறப்பதற்கு முதல்நாளே எங்களுக்கும் உங்களுக்கும் சேதி வர வேண்டும். அந்தச் சேதி இல்லாமல் இந்தக் கோட்டுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

கல்லாற்று மகள்

அண்ணன், தூண் ஒன்று போதாது. பட்டிருப்புப் பாலத்தடியில் ஒன்று, கிட்டங்கியில் ஒன்று, கல்லடியில் ஒன்று வேண்டும். தெற்கில் தண்ணீர் தேங்கி நிற்கிற நேரம் வடக்கில் வடிந்திருக்கும். நாங்கள் தினமும் அந்த வழியால் தோணியில் போகிறவர்கள், காலையில் பார்த்து எழுதித்தர ஆட்கள் இருக்கிறார்கள். உப்பு அளக்கிற கைக்கருவி உங்கள் துறையில் இருக்குமா, தங்கச்சி?

கண்டல் வேர் (வந்தாறுமூலை, விலங்கியல் மாணவி)

இருக்கிறது அக்கா. ஒரு சொட்டுத் தண்ணீர் போட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு உப்பு என்று காட்டும், கடல் என்றால் 35. பழகப் பத்து நிமிடம் போதும். மேற்பரப்பில் மட்டும் எடுக்கக்கூடாது. நன்னீர் மேலேயும் உப்பு கீழேயும் நிற்கும், போத்தலைக் கயிற்றில் கட்டி அடியிலிருந்தும் எடுக்க வேண்டும். பொறுப்பாசிரியரிடம் கேட்டுவிட்டு இதே இழையில் எழுதுகிறேன். பாலமீன்மடு அண்ணன், வாய் திறந்திருக்கிற நாட்களில் உங்கள் பக்கம் இறாலின் நீளத்தையும் அளந்து எழுதித் தருவீர்களா? உள்ளேயும் வெளியேயும் போகிற இறாலின் அளவு தெரியாமல் எந்த இரவை விடுவது என்று சொல்ல முடியாது.

பாலமீன்மடு

இறாலை அளந்து தரலாம். ஆனால் அந்தக் கணக்கை வைத்து எங்களைக் கேட்காமல் தடை போடக்கூடாது. அதை எழுத்தில் தந்தால் இந்த மாரியிலேயே தொடங்குவோம்.